வீடு வாசல்: ஷட்டர் அறை வேகிறதா? வெயிலை வெளியிலேயே நிறுத்துங்கள்!

கார் நிறுத்துவதற்கென்று தெருப் பக்கம் இரும்பு ஷட்டர் போட்டுக் கட்டிய அறையில், பல வீடுகளில் கார் நிற்பதில்லை. ஒரு வீட்டில் அது அம்மாவின் தையல் கடை. இன்னொரு வீட்டில் டியூஷன் வகுப்பு, அல்லது இட்லி மாவு விற்கும் இடம். மாடிப்படி ஏற முடியாத தாத்தாவுக்குக் கட்டிலும் அங்கேதான்.

அந்த ஷட்டர் மேற்குப் பார்த்து இருந்துவிட்டால் சித்திரை, வைகாசியில் மதியம் 2 மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியாது. ஃபேன் போட்டால் அனல்தான் வீசும். 'பேசாமல் ஒரு ஏசி வாங்கிவிடலாமா?' என்ற பேச்சு அப்போதுதான் எழும். அதற்கு முன் செய்ய வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன. ஏசி விலையில் சிறு பங்கிலேயே அவை முடிந்துவிடும். அவற்றைச் செய்யாமல் ஏசி போட்டால், அது ஷட்டரோடு மல்லுக்கட்டியே கரண்ட் பில்லை ஏற்றும்.

ஏன் இவ்வளவு சூடு?

வெயிலின் சூடு 9 அங்குலச் செங்கல் சுவரைக் கடந்து உள்ளே வரப் பல மணி நேரம் ஆகும். ஷட்டர் தகட்டின் கனமோ சுமார் 1 மில்லிமீட்டர்தான். அதோடு, தெர்மோகோலைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் எளிதாகச் சூட்டைக் கடத்துவது இரும்பு. வெளியே வெயில் பட்ட சில நிமிடங்களில் உள்பக்கமும் கொதிக்கத் தொடங்கிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. 10 அடி அகலம், 8 அடி உயரமுள்ள ஷட்டரின் பரப்பு 80 சதுர அடி. சதுர மீட்டரில் சுமார் 7.4. சாயங்கால வெயில் சதுர மீட்டருக்கு 500 வாட் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 3,700 வாட் விழுகிறது. அடர்ந்த பச்சை, பிரவுன் போன்ற நிறங்கள் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியதில் பாதி உள்ளே வந்தாலும் 1,500 வாட்டுக்குக் குறையாது. 750 வாட் இஸ்திரிப் பெட்டி இரண்டை முழுச் சூட்டில் அறைக்குள் வைத்ததற்குச் சமம்.

அடுப்பருகே நின்றால் முகத்தில் அடிக்குமே, அதேபோல இந்தச் சூட்டில் பெரும்பகுதி கதிராக நேரே உடம்பில் விழுகிறது. ஃபேனால் அதைத் தடுக்க முடியாது.

முதல் வேலை: நிழல்

தகட்டில் வெயிலே படாமல் செய்வதுதான் எல்லாவற்றிலும் பலன் அதிகம் தருவது. ஷட்டருக்கு வெளியே பச்சை நிழல் வலை, மூங்கில் தட்டி, தென்னங்கீற்றுத் தட்டி எதுவானாலும் சரி. நிழல் வலையில் 50, 75, 90 சதவீதம் என்று வகை உண்டு. மேற்கு வெயிலுக்கு 75 அல்லது 90 கேட்டு வாங்குங்கள். ஷட்டரை ஒட்டினாற்போல் கட்டாமல் ஓர் அடியாவது இடைவெளி விடுங்கள். இடையில் சூடாகும் காற்று மேலே போக வழி வேண்டும். ஓரங்களைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினால் காற்றில் படபடக்காது. தெருவையும் நடைபாதையையும் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடை நடத்துபவர்களுக்கு இதுதான் முக்கியம். பகலில் ஷட்டர் மேலே சுருண்டிருக்கும்போது, அதற்கு என்ன பெயின்ட் அடித்திருந்தாலும் பயன் இல்லை. வெளியே தொங்கும் தட்டி மட்டும்தான் காப்பாற்றும்.

வேலூர், கரூர், திருச்சி போன்ற வறண்ட வெயில் உள்ள ஊர்களில் தட்டியின் மேல் தண்ணீர் தெளித்தால் கூடுதல் குளிர்ச்சி கிடைக்கும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் அந்த அளவுக்குப் பலன் இருக்காது. புழுக்கம்தான் கூடும்.

திசையையும் பாருங்கள். மே மாத நடுப்பகலில் நம் ஊரில் சூரியன் உச்சியைத் தாண்டி சற்று வடக்கே இருக்கும். அதனால் தெற்குப் பார்த்த ஷட்டரில் அப்போது நேர் வெயில் விழாது. மார்கழியில்தான் விழும். கிழக்குப் பார்த்ததற்குக் காலை நேரத்து மறைப்பு போதும். மேற்குக்குத்தான் முழு ஏற்பாடும் வேண்டும்.

இரண்டாவது: வெள்ளை

புதிதாக அடித்த வெள்ளை பெயின்ட், விழும் வெயிலில் முக்கால் பங்கு அளவுக்குத் திருப்பி அனுப்பிவிடும். சுண்ணாம்பு தகட்டில் நிற்காது, உரிந்து கொட்டும். பழைய பெயின்ட் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, வெள்ளை எனாமல் இரண்டு கோட் அடிக்கலாம். பெயின்ட் காணாத புது ஜி.ஐ. தகடு என்றால் அதற்கென உள்ள எட்ச் பிரைமரை முதலில் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயின்ட் செதில் செதிலாகப் பெயரும். பக்கவாட்டுச் சட்டத்தின் உள்ளே பெயின்ட் போகக் கூடாது. போனால் ஷட்டர் சிக்கும். தூசி படிந்தால் வெள்ளையின் பலன் குறையும். மாதம் ஒரு முறை கழுவிவிடுங்கள்.

மூன்றாவது: உள்ளே ஒரு திரை

அலுமினியப் பளபளப்புள்ள பபிள் ஷீட் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். ஷட்டருக்கு உள்பக்கம் ஒன்று அல்லது இரண்டு அங்குலம் தள்ளி, ஒரு குழாயில் வளையம் கோத்துத் திரைபோலத் தொங்கவிடுங்கள். பளபளப்பான பக்கம் ஷட்டரைப் பார்க்கட்டும். அது கதிர்ச் சூட்டைத் திருப்பி அனுப்பும். இடைவெளி இல்லாமல் தகட்டோடு ஒட்டிவிட்டால் இந்தக் குணம் போய்விடும். ஷட்டரை ஏற்றும்போது திரையை ஓரமாகத் தள்ளிக்கொள்ளலாம்.

தெர்மோகோல் ஒட்டலாமா?

அமெரிக்கா, கனடாவில் கராஜ் கதவின் உள்ளே நுரைப் பலகை ஒட்டும் வீடியோக்களைப் பார்த்து இங்கேயும் அப்படிச் செய்ய நினைப்பவர்கள் உண்டு. அங்கே பரவலாக இருக்கும் கதவு அகலமான பலகைகளால் ஆனது. கீல் உள்ள இடத்தில் மட்டும் மடங்கி, கூரைக்கு அடியில் தட்டையாகப் போய் நிற்கும். நம் ஷட்டர் மேலே உருளையில் பாய்போலச் சுருள்வது. ஒட்டிய தெர்மோகோல் முதல் சுருட்டலிலேயே உடையும், ஷட்டரும் பாதியில் மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, தெர்மோகோல் எளிதில் தீப்பிடிக்கும், நச்சுப் புகை விடும். பைக், பெட்ரோல் கேன், கேஸ் சிலிண்டர் இருக்கும் அறையில் அது வேண்டவே வேண்டாம்.

எதை அடைப்பது, எதைத் திறப்பது?

ஷட்டரின் அடியில் ரப்பர் பட்டை வைத்தால் தெருவின் அனலும் தூசியும் குறையும். ஆனால் எல்லா இடுக்கையும் அடைத்துவிடாதீர்கள். ஷட்டரை மூடிவைத்து உள்ளே பைக்கையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு உயிரையே எடுத்துவிடும். தண்ணீர் ஊற்றும் இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அது வெளியேற மேலே ஒரு ஜன்னலோ எக்ஸாஸ்ட் ஃபேனோ கட்டாயம் வேண்டும். வெளிக்காற்று ஆறிய பிறகு, ராத்திரியில் ஷட்டரையும் எதிர்ப்பக்க ஜன்னலையும் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் சுவரில் தங்கிய சூடும் இறங்கும்.

தாத்தா, பாட்டி இருக்கும் அறையானால்...

வயதானவர்களுக்குத் தாகம் சட்டென்று தெரியாது. வியர்வையும் குறைவு. அறைக்குள் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஃபேன் காற்று உடம்பை மேலும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. ஷட்டர் அறை எவ்வளவு மாற்றப்பட்டிருந்தாலும், கடும் வெயில் நாளில் மதியம் முதல் சாயங்காலம் வரை அவர்களை வீட்டின் உள் அறைக்கு மாற்றுங்கள். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சுக் குழறி, ஆள் தடுமாறினால் தாமதிக்காமல் 108-ஐ அழைத்து, வண்டி வரும்வரை ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டே இருங்கள்.

கையில் காசு கொஞ்சம்தான் என்றால்...

ஒரு சின்னத் தெர்மாமீட்டர் வாங்கி, ஷட்டரை நேராகப் பார்க்காத சுவரில் மாட்டுங்கள். மூன்று நாள் சாயங்காலம் 4 மணிக்கு என்ன காட்டுகிறது என்று குறித்துவையுங்கள். பிறகு நிழல் வலையை மட்டும் கட்டி, இன்னும் மூன்று நாள் குறியுங்கள். வெளி வெயில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்த நாட்களை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அதுவே போதுமானதாக இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். போதாவிட்டால் பெயின்ட், அதன் பிறகு திரை. ஏசியைப் பற்றிய பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் தேவைப்பட்டால், முன்பு நினைத்ததைவிடச் சின்ன ஏசியே போதும்.