லோடுக்கு ஒரு சீட்டு வேண்டும்

ஓசூரில் பழைய வீட்டை இடிப்பவரும், சிப்காட்டில் பட்டறையைக் காலி செய்பவரும் கடைசியில் கூப்பிடுவது ஒரே ஆளைத்தான்: வாடகைக்கு டிப்பர் விடுபவரை. எத்தனை லோடு, எவ்வளவு தூரம் என்று கேட்டதும் பேரம் முடிந்துவிடுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று வண்டிக்காரர் விசாரிப்பதில்லை. எங்கே கொட்டப்போகிறீர்கள் என்று அனுப்புகிறவரும் கேட்பதில்லை. கேட்டால் வாடகை ஏறும் என்பது இருவருக்கும் தெரியும். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளத்திலும் இரவோடு இரவாகக் கொட்டப்படும் குவியல்கள் இந்தப் பேரத்தில் பிறந்தவை.

கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகத்துக்கும் ஓசூர் மாநகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நாம் வைக்கும் கோரிக்கை எளிமையானது. வாடகைக்கு விடப்படும் ஒவ்வொரு கழிவு வண்டியும் கழிவுப் பெட்டியும் எதை ஏற்றலாம், எதை ஏற்றக் கூடாது என்ற பட்டியலை வெளிப்படையாகத் தாங்கியிருக்க வேண்டும். ஏற்றிய இடம், பொருள், எடை, இறக்கிய இடம் ஆகிய நான்கும் எழுதிய ஒரு சீட்டு அந்த லோடுடன் போக வேண்டும். அப்படி இறக்குவதற்குப் பக்கத்திலேயே சட்டபூர்வமான இடமும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை வெறும் அறிவிப்பாகவே நின்றுவிடும்.

முதலில் பட்டியல். செங்கல், சிமெண்ட் பூச்சு, கான்கிரீட், ஓடு, டைல்ஸ், மண், மரம், கம்பி ஆகியவை கட்டட இடிபாட்டு வண்டியில் போகலாம். அவற்றையும் தனித்தனியாக ஏற்றினால்தான் மறுபடி பயன்படும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அவற்றோடு போடக் கூடாது. உடையும்போது பறக்கும் நுண்ணிழை நுரையீரலில் தங்கி ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படும். பெயிண்ட் டின், தின்னர், டியூப் லைட், பேட்டரி, பழைய கணினி, மருத்துவமனைக் கழிவு, கேஸ் சிலிண்டர் எதுவுமே கூடாது. இப்போது ஓசூரின் அடுக்கக வீடுகளில் பரவலாகிவிட்ட ஜிப்சம் பால்ஸ் சீலிங்கையும் பிரித்தே வைக்க வேண்டும். மட்கும் குப்பையோடு அது குழியில் புதைந்தால் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். இங்கிலாந்தில் இடிபாட்டுப் பெட்டியை வாடகைக்கு விடுவோர் ஜிப்சம் பலகையைத் தனியாகக் கேட்டு வாங்குவது இதனால்தான். அங்கே 1990-ம் ஆண்டுச் சட்டம் கழிவை உண்டாக்கியவர்மீதும் பொறுப்பைச் சுமத்துகிறது. கைமாறும்போது எழுதும் சீட்டை இரண்டாண்டு பாதுகாக்க வேண்டும்.

வீட்டு இடிபாட்டைவிடத் தொழிற்சாலை வாசலில் இந்தப் பட்டியல் கடுமையாகத் தேவைப்படுகிறது. வாகனம், உதிரிபாகம், கடிகாரம், மின்னணுப் பொருள் என்று இந்தப் பகுதி நம்பியிருக்கும் தொழில்கள் எல்லாவற்றிலும் எண்ணெயும் உலோகமும் ரசாயனமும் புழங்குகின்றன. எந்திரத்தைத் துடைத்துவிட்டு மூலையில் எறியும் பனியன் வேஸ்டை யாரும் ஆபத்தான பொருளாக நினைப்பதில்லை. ஆனால் 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் அது பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. ரசாயனம் இருந்த காலி பேரலும், பயன்படுத்திய எண்ணெயும், பாஸ்பேட் கசடும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் தேங்கும் ரசாயனக் கசடும் அதே அட்டவணையில் உள்ளன. இவற்றை அட்டைப் பெட்டி, தெர்மாகோல், கேன்டீன் குப்பையோடு ஒரே தொட்டியில் போட்டபின் பிரித்தெடுக்க யாராலும் முடியாது.

போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. லித்தியம் பேட்டரி புழங்கும் ஊரில் பழுதான செல் ஒன்று தவறிப்போய்க் குப்பை வண்டியில் விழுந்து நசுங்கினால் வண்டியே தீப்பற்றும். பேட்டரிக் கழிவுக்கென்று 2022-ல் தனி விதிகளே வந்துவிட்டன. தயாரிப்பாளரே திரும்பப் பெற வேண்டும் என்கின்றன அவை. பொதுத் தொட்டிக்கு அதில் வேலையில்லை.

ஆலைகளில் பரவலாக உள்ள ஒரு வழக்கத்தையும் பேசியாக வேண்டும். ஸ்கிராப் ஒப்பந்தம் எடுப்பவர் விலைபோகும் இரும்பையும் செம்பையும் அள்ள வேண்டுமானால் விலைபோகாத குப்பையையும் சேர்த்து அள்ள வேண்டும் என்பது அந்த வழக்கம். நிர்வாகத்துக்குத் தலைவலி விட்டது. ஒப்பந்தக்காரர் இரும்பை விற்றுக் காசாக்கிவிட்டு மீதியை எங்காவது தள்ளுகிறார், அல்லது கொளுத்துகிறார். கேட்டைத் தாண்டியதும் பொறுப்பு முடிந்தது என்று ஆலை நினைத்துக்கொள்கிறது. சட்டம் அப்படி நினைக்கவில்லை. கழிவை உண்டாக்கியவரையும் அதைப் பெற்றுக்கொள்பவரையும் அபாயகரக் கழிவு விதிகள் சேதத்துக்குப் பொறுப்பாளிகளாக நிறுத்துகின்றன.

சீட்டு முறைகூடப் புதியதல்ல. அபாயகரக் கழிவு ஒரு வண்டி கிளம்பினால் ஏழு படிகள் கொண்ட ஆவணம் அதனுடன் கிளம்ப வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறம். ஏழாவதான சாம்பல் நிறப் படி, கழிவு வேறு மாநிலத்துக்குப் போயிருந்தால், அனுப்பியவருடைய மாநில வாரியத்துக்குப் போய்ச் சேர வேண்டியது. நிரந்தரமாகப் புதைக்க எல்லை தாண்டி அனுப்புவதானால் இரு மாநில வாரியங்களின் தடையின்மைச் சான்றும் வேண்டும். கர்நாடக எல்லையோரம் உள்ள ஓசூர் போன்ற தொழில் நகரத்துக்காகவே எழுதியதுபோல் இருக்கின்றன இந்த விதிகள். ஆனால் டிப்பர் லோடாகக் குப்பையென்று பெயர் மாற்றி அனுப்பினால் இந்த ஏழு நிறங்களும் தேவைப்படாமல் போய்விடுகின்றன. அபாயகரக் கழிவுக்கு ஆவணம் உண்டு, சாதாரண லோடுக்கு எதுவும் இல்லை என்ற இந்த இடைவெளிதான் ஏமாற்றுவோரின் வாசல். சாதாரண லோடுக்கும் ஒரு சீட்டு வேண்டும் என்று நாம் வலியுறுத்துவது இதை அடைப்பதற்காகவே.

2024 டிசம்பரில் திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரளத்தின் மருத்துவக் கழிவுகள் கொட்டப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கேரளமே அவற்றை அகற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது; அந்த மாதமே கேரள அதிகாரிகள் லாரிகளுடன் வந்து அள்ளிச் சென்றார்கள். அது சாத்தியமானதற்குக் காரணம், திருவனந்தபுரம் மருத்துவமனைகளின் பெயர் தாங்கிய காகிதங்கள் குப்பைக்குள்ளேயே கிடந்ததுதான். அடுத்த ஆண்டு மருத்துவக் கழிவு கொட்டுவோரைக் குண்டர் சட்டத்தின்கீழ் கொண்டுவரத் தமிழகச் சட்டப்பேரவை திருத்தமும் நிறைவேற்றியது. ஆனால் உடைந்த செங்கல்லிலும் கருத்த கசடிலும் ஊர் பெயர் எழுதியிருப்பதில்லை. ஓசூர்ப் பக்கம் கொட்டப்பட்ட லோடு எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியிலோ பொம்மசந்திராவிலோ ஏற்றியதா, இந்தப் பக்கம் மூக்கண்டப்பள்ளியில் ஏற்றியதா என்று குவியலைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. வண்டியில் சீட்டு இருந்தால்தான் அது தெரியும்.

பெங்களூரின் அழுத்தம் குறையப்போவதும் இல்லை. மாவள்ளிபுராவும் மண்டூரும் கிராம மக்களின் போராட்டத்தால் அந்த நகரின் குப்பைக்குக் கதவடைத்தவை; மண்டூர் 2014 இறுதியோடு மூடப்பட்டது. இடம் தேடும் பெருநகருக்கு மாநில எல்லை வசதியான திரை. தென்பெண்ணையில் பெங்களூரின் சாக்கடை கலந்து கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போது நாம் கோபப்படுகிறோம். அந்தக் கோபம் நியாயமானது. அதே ஆற்றின் கரையில் நம்முடைய பட்டறைக் கழிவும் நம்முடைய வீட்டு இடிபாடும் கிடக்கும்போது தீர்ப்பாயத்தின் முன் நம் வாதம் பாதி பலம் இழந்துவிடுகிறது. பக்கத்து மாநிலத்திடம் கணக்குக் கேட்பதற்கு நம் கையில் முதலில் கணக்கு இருக்க வேண்டும்.

இனி இடம். தண்டனையைப் பற்றியே பேசும் அதிகாரிகள் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். 2016-ம் ஆண்டின் கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள் உள்ளாட்சிக்கு ஒரு கடமையைத் தெளிவாகச் சொல்லியிருந்தன: கழிவு சேர்க்கத் தகுந்த பெட்டிகளை வைத்து, நிரம்பியதும் தானாகவோ தனியார் மூலமோ அகற்ற வேண்டும். ஐந்து லட்சத்துக்குக் குறைவான மக்கள் வாழும் ஊர்களுக்குப் பதப்படுத்தும் ஏற்பாட்டைச் செய்ய மூன்று ஆண்டுகள் கெடு. அது 2019-ல் முடிந்தது. அதே 2019-ல்தான் ஓசூர் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 2025-ல் அறிவிக்கப்பட்டு, 2026 ஏப்ரல் 1-ஐ அமலாகும் நாளாகக் கொண்ட புதிய விதிகள் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டுமானங்களின் உரிமையாளர்களுக்கு விரிவான பொறுப்பைத் தருகின்றன. நல்லது. ஆனால் தெருவில் இடிபடும் ஓட்டு வீட்டையும், காம்ப்ளக்ஸ் ஆகும் பழைய கடையையும் அந்த அளவுகோல் தொடாது. டிப்பர் தொழில் ஓடுவது அவற்றை நம்பித்தான்.

அபாயகரக் கழிவின் நிலை இன்னும் மோசம். தமிழகத்தில் அதைப் பதப்படுத்திப் புதைக்கும் பொது வசதிகள் கும்மிடிப்பூண்டியிலும் விருதுநகர் மாவட்டத்திலும் உள்ளன. ஓசூரிலிருந்து இரண்டுமே 300 கிலோமீட்டருக்கு அப்பால். பெரிய ஆலை லாரி நிறையச் சேர்த்து அனுப்பிவிடும். மாதத்துக்கு இரண்டு டிரம் கசடு வரும் முலாம் பட்டறை என்ன செய்யும்? வாரியத்தின் அனுமதியின்றி 90 நாளுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. சட்டத்தைக் கடைப்பிடிப்பதன் செலவு மீறுவதன் செலவைவிடப் பல மடங்கு இருக்கும்வரை நல்லவர்கள்தான் நட்டப்படுவார்கள்.

சிறுதொழில் முனைவோர் இதற்கு எழுப்பும் ஆட்சேபத்தை நாம் புறந்தள்ளவில்லை. இன்னொரு சீட்டு என்றால் இன்னொரு மேசை, இன்னொரு கையூட்டு என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அனுபவம் அவர்களை அப்படிப் பேச வைக்கிறது. அதனால்தான் சீட்டை எந்த அதிகாரியின் கையெழுத்துக்கும் காத்திருக்க வைக்கக் கூடாது என்கிறோம். அனுப்புகிறவர் கைப்பேசியில் பதிய வேண்டும். ஏற்றுமிடத்தின் எடைமேடையும் இறக்குமிடத்தின் எடைமேடையும் அதை முடித்து வைக்க வேண்டும். இரண்டு எடையும் பொருந்தாத லோடுகளை மட்டும் அதிகாரி விசாரித்தால் போதும். அபாயகரக் கழிவுக்கு, ஓசூர் சிறு, குறுந்தொழில்கள் சங்கமான ஹோஸ்டியாவும் சிப்காட்டும் வாரியமும் சேர்ந்து தொழிற்பேட்டைக்குள்ளேயே அனுமதி பெற்ற பொதுச் சேகரிப்பு மையம் ஒன்றை அமைக்கலாம். பத்துப் பட்டறையின் டிரம்களை ஒரே லாரியில் அனுப்பினால் கும்மிடிப்பூண்டி அவ்வளவு தூரமாகத் தெரியாது.

இடிபாட்டுக்கு ஆகும் செலவை வெறும் செலவாகப் பார்க்கவும் தேவையில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மலைகளை உடைத்து ஜல்லியும் எம்-சாண்டும் எல்லைக்கு இருபுறமும் போகின்றன. அதே கான்கிரீட் இடிந்தபின் பள்ளத்தில் கொட்டப்படுகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 383 தரம் 2016 முதல் மறுசுழற்சி ஜல்லியை அனுமதிக்கிறது: கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை, எம்-25 வரையான கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை, அடித்தளத்துக்கு இடும் மெலிந்த கான்கிரீட்டில் முழுவதுமே. டெல்லி புராரியில் 2009 முதல் இந்த வேலை நடக்கிறது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் ஆலைகள் வந்துவிட்டன. ஓசூரின் நடைபாதைக் கற்களையும் சாலையோரத் தடுப்புகளையும் ஓசூரின் இடிபாட்டிலிருந்தே செய்யலாம். மாநகராட்சி தன் ஒப்பந்தப்புள்ளிகளில் அதைக் கட்டாயமாக்கினால் வாங்குவதற்கு ஆள் இல்லை என்ற பேச்சும் எழாது.

அபராதம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி 2024 ஏப்ரல் முதல் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை தண்டத் தொகையை, நீதிமன்றத்துக்குப் போகாமல், அதற்கென நியமிக்கப்படும் அதிகாரியே விதிக்க முடியும். வழக்கு இழுக்கும் என்ற பழைய சாக்கு இனி செல்லாது. ஆனால் அந்தத் தண்டம் டிப்பர் ஓட்டுநரோடு நின்றுவிடக் கூடாது. இரவில் பிடிபடுபவர் தினக்கூலிக்கு ஓட்டும் இளைஞர். அவரை ஏவியவர் ஒப்பந்தக்காரர். லாபமடைந்தவர் கேட்டுக்குள் இருப்பவர். சீட்டு இருந்தால் தண்டம் சரியான கதவைத் தட்டும். சீட்டே இல்லாத லோடு என்றால் வண்டியைப் பிடித்து வைத்து, உரிமையாளரிடம் கணக்குக் கேட்க வேண்டும்.

ஆறு மாதம் போதும். முதல் மாதத்தில் வாடகை டிப்பர், டிராக்டர், கழிவுப் பெட்டி நடத்துவோர் அனைவரையும் மாநகராட்சி பதிவு செய்யட்டும். மூன்றாவது மாதத்துக்குள் இடிபாடு இறக்க எடைமேடையுடன் கூடிய இரண்டு இடங்களை, ஓசூர்ப் பக்கம் ஒன்றும் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒன்றுமாக, ஆட்சியர் ஒதுக்கட்டும். சிறிய வீட்டின் இடிபாட்டுக்கு அங்கே கட்டணம் வாங்கக் கூடாது. ஆறாவது மாதத்துக்குள் தொழிற்பேட்டைச் சேகரிப்பு மையம் திறக்கட்டும். கட்டட அனுமதி கேட்டு வருபவரிடம் முந்தைய கட்டடத்தின் இடிபாட்டுச் சீட்டைக் கேட்கட்டும். ஆலையின் இசைவாணையைப் புதுப்பிக்கும்போது ஸ்கிராப் ஒப்பந்தத்தின் நகலை வாரியம் வாங்கிப் பார்க்கட்டும். கர்நாடக வாரியத்துடன் எல்லைச் சோதனைச் சாவடிகளில் சீட்டைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டையும் அரசு இப்போதே பேசித் தொடங்க வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாவட்ட ஆட்சியர் கூட்டும் முதல் கூட்டத்திலேயே பாதியை முடிவு செய்துவிடலாம். அந்தக் கூட்டத்துக்கான தேதியை அவர் அறிவிக்க வேண்டும்.