படுத்த படுக்கையாக இருப்பவரை முகாமுக்கு அழைக்காதீர்

பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்ட முதியவரின் வீட்டுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் இயன்முறை மருத்துவர் வருகிறார். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் ரத்த அழுத்த மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, கொடுத்த விவரத்தைச் செயலியில் பதிகிறார். இவரால் எழுந்து நடமாட முடியாது என்பது அன்றே அரசுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால், அவர் மாற்றுத்திறனாளி பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால், நடமாட முடியாது என்பதை நேரில் வந்து காட்டச் சொல்கிறது அதே அரசின் இன்னொரு அலுவலகம். மகன் ஒரு நாள் கூலியை விட்டு, ஆட்டோ பிடித்து, அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து மருத்துவச் சான்று முகாமுக்குக் கொண்டுபோக வேண்டும். உரிய மருத்துவர் அன்று வரவில்லையென்றால் மறுபடியும் ஆட்டோ. ஆங்காங்கே அக்கறையுள்ள அதிகாரிகள் வீட்டுக்கே மருத்துவரை அனுப்புவதுண்டு. அது அவரவர் நல்ல மனது, நடைமுறை அல்ல.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2024-ல் ஐ.நா. விருது பெற்றது. பாராட்டுக்குரியதுதான். ஆனால், நோயாளியின் வாசலுக்குப் போன அரசு மாத்திரையோடு திரும்பிவிடுகிறது. அந்த வீட்டில் அடுத்த வேளைச் சோற்றுக்கு என்ன வழி, மூன்று சக்கர வண்டி யார் தருவார்கள், முதியோர் ஓய்வூதியம் வருகிறதா என்பதெல்லாம் வேறு வேறு துறைகளின் கணக்கு. உதவித்தொகை மாற்றுத்திறனாளிகள் நலத் துறையிடம். ஓய்வூதியம் வருவாய்த் துறையிடம். 2023-ல் உதவித்தொகை மாதம் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆகவும், ஓய்வூதியம் 1,000-லிருந்து 1,200 ஆகவும் உயர்ந்தன. தொகை உயர்ந்தது, அதைப் பெறப் போகும் பாதை குறுகவில்லை.

தகவல்களை இணைக்கும் தொழில்நுட்பம் நம்மிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது, ஏறக்குறைய 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்களைச் சலித்து 1 கோடியே 6 லட்சம் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டில் கார் இருக்கிறதா, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஓடுகிறதா என்பதையெல்லாம் விண்ணப்பதாரரின் வாய்மொழியை மட்டும் நம்பி முடிவுசெய்யவில்லை. அரசிடம் ஏற்கெனவே இருந்த தரவுகளோடு ஒப்பிட்டார்கள். தகுதியில்லாதவரைக் கண்டுபிடிக்கத் துறைகள் பேசிக்கொள்ள முடியுமென்றால், தகுதியுள்ளவரைத் தேடிப்பிடிக்கவும் பேசிக்கொள்ளலாமே! இதைக் கேட்டால் 'துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பு' என்று ஒரு கூட்டம் போடுவார்கள். தேநீரும் பிஸ்கட்டும் வரும்.

காசநோய்த் துறையைப் பாருங்கள். நோயாளியின் பெயரும் வங்கிக் கணக்கும் 'நிக்ஷய்' தளத்தில் ஏறினால், ஊட்டச்சத்துக்கான பணம் அவர் கணக்குக்குப் போக வேண்டும். தனி விண்ணப்பம் இல்லை, வருமானச் சான்று இல்லை. 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பரில் 1,000 ஆனது. பணம் தாமதமாகிறது என்ற புகார் உண்டு. ஆனாலும், மருத்துவப் பதிவே உதவிக்கான விண்ணப்பமாகவும் ஆகிவிடுவதுதான் நாம் கேட்கும் முறை. தமிழ்நாடு இன்னும் ஒரு படி மேலே போனது. 2022 ஏப்ரலில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்ட'த்தில், நோய் உறுதியானதும் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள்: உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா என்பது. நிலைமை மோசமென்றால் உடனே மருத்துவமனைப் படுக்கை. இந்த முதல் சோதனை ஒரு தாளில் முடிந்துவிடும். கணினி அதற்குப் பிறகுதான். என்ன கேட்பது, பதில் யாரிடம் போக வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்திருந்ததால் தொழில்நுட்பம் அங்கே பயன்பட்டது.

மற்ற இடங்களில் நடப்பது தலைகீழ். முதலில் செயலி வருகிறது. கர்ப்பிணி ஒருவரைக் கிராம சுகாதாரச் செவிலியர் பிக்மி தளத்தில் பதிகிறார். அதே பெண்ணை அங்கன்வாடிப் பணியாளர் 'போஷன் டிராக்கர்' செயலியில் மறுபடியும் பதிகிறார். எடை குறைகிறது என்பது ஒரு திரையிலும், சத்துமாவு வாங்க வரவில்லை என்பது இன்னொரு திரையிலும் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால் யாரேனும் அந்த வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

தகவல்களை இணைப்பதில் ஆபத்து இல்லையா என்று கேட்பவர்களின் அச்சம் நியாயமானது. ஹரியானாவில் 2022-ல், அரசுக் கணினியில் இறந்தவராகிவிட்டதால் ஓய்வூதியம் நின்றுபோன நூறு வயது கடந்த முதியவர் ஒருவர், தாம் உயிரோடுதான் இருப்பதைக் காட்ட ரோத்தக்கில் மேளதாளத்தோடு ஊர்வலம் போனார். எனவே, பட்டியலில் சேர்ப்பதைக் கணினி செய்யட்டும். நீக்குவதற்கு முன் ஒரு மனிதர் நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். நோயின் பெயரும் துறை தாண்டிப் பயணிக்கத் தேவையில்லை. எச்.ஐ.வி., மனநோய் போன்ற விவரங்கள் வி.ஏ.ஓ. அலுவலகத் திரையில் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. 'இவருக்குத் துணையின்றி எழ இயலாது' என்ற ஒற்றை வரி போதும். அதையும் அவர் சம்மதம் பெற்றே அனுப்ப வேண்டும். சம்மதம் என்பது ஓ.டி.பி. ஆகிவிடக் கூடாது. பாட்டியின் பெயரில் பதிந்த கைபேசி எண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பேரனின் சட்டைப்பையில் இருக்கும்.

உலக வங்கி உதவியோடு நடக்கும் 'தமிழ்நாடு உரிமைகள் திட்டம்' மாற்றுத்திறனாளிகளை வீடு வீடாகக் கணக்கெடுத்து, 'விழுதுகள்' மையங்கள் மூலம் சேவைகளை ஓரிடத்தில் தர முயல்கிறது. நல்ல தொடக்கம். ஆனால், அது தன் பங்குக்கு இன்னொரு தனிப் பட்டியலாக நின்றுவிடக் கூடாது.

அரசு செய்ய வேண்டியது எளிது. மக்களைத் தேடி மருத்துவத்தில் படுக்கை நோயாளி என்று பதிவாகிறவரின் பெயர், அவர் சம்மதித்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்கும் விண்ணப்பமாகவே போய்ச் சேர வேண்டும். சான்றுக்கான மருத்துவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். இதற்காகத் தன்னார்வலர் கையில் இன்னொரு செயலியைத் திணிக்கக் கூடாது; ஏற்கெனவே பதிவதே போதும். ஒவ்வொரு பெயரும் எந்த அலுவலகத்தில் எத்தனை நாள் நின்றது என்பதை மாவட்ட ஆட்சியர் தம் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில், சம்பந்தப்பட்ட அதிகாரியை எதிரில் வைத்துக்கொண்டு, முதல் பொருளாகவே கேட்க வேண்டும்.