பெயர் வைக்கிற அவசரம்

பூச்சிகளுக்குப் பெயர் கண்டுபிடிக்கும் பைத்தியம் ஒன்று இப்போது பரவியிருக்கிறது. பைத்தியம் நல்லதுதான், அவசரம்தான் பொல்லாதது. கைபேசியில் ஒரு படம் பிடிப்பது, இது என்னவென்று அந்தக் கைபேசியையே கேட்பது, 'தேனீ' என்று அது சொன்னதும் பரம திருப்தியுடன் நகர்ந்துவிடுவது! ஜாதகம் பார்க்கிறவர்கூடப் பிறந்த நேரத்தைக் கேட்கிறார், ஐயா!

வள்ளூரில் துளசிச் செடியருகே எடுத்த படம் ஒன்றை நண்பர் காட்டினார். வயிற்றில் பளபளவென்று நீலப் பட்டைகள். "தேனீதானே?" என்றார். தேனீக் குடும்பம்தான், ஆனால் தேனடை கட்டும் ஜாதி அல்ல. இது நீலப்பட்டைத் தேனீ. சாஸ்திரப் பெயர் அமெகில்லா. தனியாக வாழும். மண்ணைக் குடைந்து முட்டையிடும்.

பெயரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? கத்திரிப் பூவின் மகரந்தம் சிறு துளை வழியேதான் வெளிவரும். இது பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கும். தேனடைத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. எல்லாவற்றையும் 'தேனீ' என்று எழுதி வைத்தால், நாளைக்கு ஒரு கனவான் வந்து, "நாலு தேன்பெட்டி வைத்துவிட்டோம், நஷ்டம் சரியாகிவிட்டது" என்பார். 1,500 மெகாவாட் அனல் மின்நிலையம் நிற்கும் ஊர் வள்ளூர். கான்கிரீட்டும் சாம்பலும் மண்ணை மூடினால், மண்ணில் வீடு கட்டும் ஜீவன் எந்தப் பெட்டிக்குக் குடிபோகும்?

ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். அங்கே பெயரிடப்பட்ட சுதேசித் தேனீ இனங்கள் 1,600-க்கு மேல். என்றாலும் பலருக்குத் தெரிந்த முகம், 1822-ல் கப்பலில் வந்திறங்கிய ஐரோப்பியத் தேனீயின் முகம்தான்!

படமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்றுக்கு மூன்றாக எடுங்கள்: முதுகு, பக்கவாட்டு, முகம். சிறகு இரண்டா, நான்கா? இரண்டேயானால் அது தேனீ வேஷம் போட்ட ஈ. மகரந்தம் பின்காலிலா, வயிற்றின் அடியிலா? அடியிலென்றால் பெரும்பாலும் இலைவெட்டித் தேனீயின் குடும்பம். பூ, ஊர், தேதி மூன்றையும் குறித்து வையுங்கள். அதற்கு மேல் நிபுணரும் தயங்குவார். சின்னஞ்சிறு கறுப்புத் தேனீக்கள் பலவற்றை நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தாலொழிய இனம் பிரிக்க முடியாது. நண்பரின் படத்திலும் 'அமெகில்லா' என்று நிறுத்திக்கொள்வதே யோக்கியம்.

பொய்ப் பெயர் ஒன்று ஏட்டில் ஏறிவிட்டால், அதைப் பார்த்து யந்திரம் கற்கிறது. யந்திரத்தைப் பார்த்து நாம் கற்கிறோம். குருடருக்குக் குருடர் வழி காட்டும் இந்தப் பள்ளிக்கூடத்தில், 'இனம் தெரியவில்லை' என்று எழுதுகிறவர்தான் படித்தவர்.