நேர்கோடும் நெட்டுருவும்

நேர்கோட்டின் சமன்பாட்டை நம் மாணவர் அறிவர், நேர்கோட்டை அறியார். இக்கூற்றுக் கடுமையானது என்போர் முதலாண்டுப் பௌதிக ஆய்வுகூடத்தில் ஒரு பிற்பகலைக் கழிக்கட்டும்.

அங்கு நான் கண்ட ஒன்றைக் கூறுகிறேன். மின்கலமொன்றின் மின்னியக்கவிசையையும் அகத்தடையையும் வரைபிலிருந்து காணல் வேண்டும். மின்னோட்டம் கிடையச்சில், கலத்தின் முடிவிடங்களுக்கிடையேயான அழுத்த வித்தியாசம் குத்தச்சில். ஓட்டம் 0.2 அம்பியரிலிருந்து 0.6 அம்பியர் வரை ஏற, அழுத்த வித்தியாசம் 1.40 உவோற்றிலிருந்து 1.20 உவோற்றுக்கு இறங்கிற்று. மாணவர் கிடையச்சை 0.2 இல் தொடங்கியிருந்தார். அவ்விடது ஓரத்திற் கோடு தொட்ட 1.40 ஐ வெட்டுத்துண்டு என எழுதினார். பின்னர் பாகைமானியை எடுத்தார். கோணம் 45 பாகை. அதன் தான்சன் 1. ஆகவே அகத்தடை 1 ஓம் என முடித்தார்.

உண்மை வேறு. 0.4 அம்பியர் ஏற்றத்துக்கு 0.20 உவோற்று வீழ்ச்சி. எனவே படித்திறன் -0.5, அகத்தடை 0.5 ஓம். கோட்டை ஓட்டம் பூச்சியமாகும் இடம்வரை பின்னோக்கி நீட்டினால் மின்னியக்கவிசை 1.50 உவோற்று. குத்தச்சில் அதே அளவுகளை இருமடங்கு நீளத்திற் குறித்திருப்பின் பாகைமானி ஏறத்தாழ 63 பாகை காட்டியிருக்கும். அவர் கணக்கில் அகத்தடை 2 ஓம் ஆகியிருக்கும். தாளை மாற்றினாற் கலம் மாறுமோ?

இம்மாணவர் மந்தரல்லர். சமன்பாட்டைக் கொடுத்தால் எம் எது, சீ எது என நொடியிற் கூறுவார். எக்ஸோடு நிற்பது படித்திறன், தனித்து நிற்பது வெட்டுத்துண்டு என இடம் பார்த்துப் பெயர் சொல்ல அவரைப் பழக்கியவர்கள் நாமே. இரு அச்சுகளுக்கும் ஒரே அளவுத்திட்டம் அமைந்தாலன்றிக் கோணம் படித்திறனைத் தராது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டார் வழங்கும் சாய்வு என்ற சொல் கோணத்தை நினைவூட்டலாம்; நமது படித்திறனோ, கிடையாக ஓரலகு செல்ல எத்தனை படி ஏறினாய் என்றே கேட்கிறது. நல்ல சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு பாகைமானியைத் தேடுகிறோம்!

பாடத்திட்டம் நீண்டது, பரீட்சை நெருங்குகிறது என்பர் ஆசிரியர். பாடசாலையில் மிச்சம்பிடித்த அந்த ஒரு மணி நேரத்தைப் பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள் பன்மடங்காகச் செலவிடுகின்றன. அலகு பௌதிகத்துக்குரியது, கணிதத்துக்கன்று என்பர் கணிதத்துறை நண்பர் சிலர். அளவுத்திட்டமும் உற்பத்தியும் கூடவா பௌதிகத்துக்குரியவை?

முதலிற் சமன்பாடில்லாத வரைபைக் கொடுங்கள். கோடு பூச்சியத்தில் என்ன சொல்கிறது, ஒவ்வோர் அலகுக்கும் எவ்வளவு மாறுகிறது என வினவி, விடையைத் தமிழ் வாக்கியமாக எழுதச் செய்யுங்கள். மேற்படி கலத்துக்கு அவ்வாக்கியம் இது: ஓட்டம் எடுக்காதபோது 1.50 உவோற்று; எடுக்கும் ஒவ்வோர் அம்பியருக்கும் அரை உவோற்று கலத்தினுள்ளேயே இழக்கப்படுகிறது. இதனை எழுதிய மாணவருக்கு எம்மும் சீயும் அடுத்த வாரம் வந்தாற் போதும்.