உச்சிக்குப் போகாமலும் வரலாம்

கிரிகல்பொத்த பயணத்துக்கென்று தொடங்கின எங்கட வட்ஸ்அப் குழுவில் இருநூறு மெசேஜுக்கு மேல் வந்துவிட்டது. ரயிலா, வானா? ஆரிட்ட ஸ்பீக்கர் இருக்கு? உச்சியில் எடுக்கிற போட்டோவுக்கு எல்லாரும் ஒரே நிற டீசேட்டா? எத்தனை மணிக்குத் திரும்புறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. போன வருசமும் கேட்கவில்லை.

பேதுருதாலகாலைக்கு அடுத்து இலங்கையின் இரண்டாவது உயரமான மலை இது, ஏறத்தாழ 2,388 மீற்றர். ஹோட்டன் சமவெளிக்கு வாறவர்களில் அரைவாசிக்கு மேல் உலக முடிவு பக்கம் ஒரு சுற்று நடந்துவிட்டுப் போய்விடுவார்கள். கிரிகல்பொத்தப் பாதையில் ஆள் குறைவு. போக ஏழு, வர ஏழு, மொத்தம் 14 கிலோமீற்றர். தொடக்கத்தில் புல்வெளி தட்டையாகத்தான் தெரியும். நடுவில் கறுப்புச் சேறு சப்பாத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு குட்டை மூங்கில், பாசி பிடித்து வளைந்த மரங்கள். மூடுபனி இறங்கினால் முன்னால் போறவரின் பை கூடத் தெரியாது.

போன வருசம் ஆறு பேர் போனோம். வேகமாக நடக்கிற நாங்கள் நாலு பேர் முன்னுக்குப் போய்விட்டோம். பின்னால் வந்த இருவரில் ஒருத்திக்கு முட்டு வருத்தம். அவளுக்குப் பாரம் குறையட்டும் என்று அவளுடைய பையை நாங்களே வாங்கிச் சுமந்தோம். பெரிய உதவி! இன்ஹேலரும் அதற்குள்தான் இருந்தது என்பது உச்சியில் தண்ணீர்ப் போத்தலைத் தேடியபோதுதான் தெரிந்தது. போன் ஒன்றிலும் சிக்னல் இல்லை. இறங்கி வந்தபோது இருவரும் மூடுபனிக்குள் ஒரு கல்லில் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். அவள் மூச்சு விடுற சத்தம் கொஞ்சம் தூரத்திலேயே கேட்டது. எங்களைப் பேசவே இல்லை. பேசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அப்ப ஏலாத ஆக்கள் வராமல் விடலாமே" என்று இந்த முறை குழுவில் ஒருவர் எழுதினார். சரி, அப்படியென்றால் உடம்பு பழகின மூன்று பெடியள் மட்டும் மலைக்குப் போகட்டும், மற்ற எல்லாரும் வீட்டிலிருந்து லைக் போடட்டும். இதற்கு ஏன் ஒரு குழு? மெதுவாக நடக்கிறவரின் வேகம்தான் குழுவின் வேகம் என்று எடுத்தால் திட்டமே வேற மாதிரி வரும். வாசல் காலை ஆறுக்குத் திறக்கும். ஏழுக்கு நடக்கத் தொடங்கவேணும். மெதுவாக நடக்கிறவர் முன்னுக்கு. மருந்து அவரவர் உடம்போடு. பதினொன்றரைக்கு எங்கே நின்றாலும் திரும்புறது, உச்சி கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும்தான். (சோத்துப் பார்சல் வாழையிலையில், வாசலில் பொலித்தீன் பார்ப்பார்கள், லஞ்ச் ஷீட் சரிவராது.)

இதைக் குழுவில் போட்டதும் ரெண்டு பேர் விலகிவிட்டார்கள். டீசேட் கதையும் நின்றுபோனது. இரவு பதினொரு மணிபோல அவளிடமிருந்து பதில் வந்தது: "வாறன். என்ர பை என்னட்டத்தான்."