வாளைப்பழமும் கூரைச் சேலையும்

சொல்வதெழுதல் என்னும் பயிற்சியை அறியாத தமிழ்ப் பாடசாலை நம் நாட்டில் இல்லை. ஆசிரியர் சொல்லுவார், பிள்ளைகள் எழுதுவார்கள். பிழைக்குச் சிவப்பு மையால் ஒரு வட்டம். வட்டத்துக்குப் பத்துமுறை, இருபதுமுறை திருத்தி எழுதுதல். முப்பதாண்டுக் காலம் நானும் இதனைச் செய்து வந்தவன். ஆதலால் இப்பத்தியிலே குறைகூறப்படும் முதல் ஆசிரியன் நானே என்பதை வாசகர்கள் தொடக்கத்திலேயே அறிந்துகொள்வது நன்று.

மாலை வேளைகளிற் பிராசீன பாடசாலையிலே வளர்ந்தவர்களுக்கு இலக்கணமும், காலையிலே ஊர்ப் பாடசாலையிற் சிறுவர்க்குத் தமிழுமாக என் பொழுது கழிகின்றது. சில ஆண்டுகளுக்கு முன் மூன்றாந் தரத்துப் பிள்ளைகளுக்குப் பத்துச் சொற்கள் சொல்லி எழுதுவித்தேன். அவற்றுள் ஒன்று வாழைப்பழம். ஒரு சிறுவன் 'வாளைப்பளம்' என்று எழுதியிருந்தான். ஐம்பதுமுறை எழுதிவரும்படி பணித்தேன். அவன் எழுந்து நின்று, சிறிதும் துடுக்கின்றி, "ஐயா, நீங்கள் சொன்னதைத்தானே நான் எழுதினேன்" என்றான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பதை நூறாக்கினேன்.

அவன் நூறுமுறை எழுதிக்கொண்டு வந்தான். அதன்பின் ஒருபோதும் அச்சொல்லிற் பிழைவிடவில்லை. அது என் வெற்றி என்றே சில கிழமை எண்ணியிருந்தேன். பின்னர் மாரிகாலத்தைப் பற்றி ஐந்து வசனம் எழுதச் சொன்னபோது, அவன் 'வானத்திலிருந்து தண்ணீர் வந்தது' என்று எழுதியிருந்தான். மழை என்ற சொல் ஓரிடத்தும் இல்லை. ஐயுற்று அவனுடைய பழைய கொப்பிகளையும் புரட்டினேன். கிழவி வரவேண்டிய இடத்தில் 'வயசு போன அம்மா' நின்றாள். ழகரமோ ளகரமோ என்று ஐயம் வரத்தக்க சொல் ஒவ்வொன்றையும் அவன் சுற்றிப் போயிருந்தான். பிழைவிடாதிருத்தற்கு அப்பிள்ளை கண்ட வழி, தமிழைக் குறைத்துக்கொள்ளுதல். அவ்வழியைக் காட்டிக் கொடுத்தவன் நான்.

அவன் சொன்னதில் என்ன பிழை? யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே ழகரம் ளகரமாக ஒலித்தல் யாவரும் அறிந்தது. மேடையிலே நின்று ழகரத்தின் சிறப்பை விரித்துப் பேசுவோரும் வீட்டுக்குப் போய் 'மளை வரப்போகுது' என்றுதான் சொல்வார்கள். இதை நம்மவருடைய தனிக்குற்றம் என்று கருதுதல் வேண்டா. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலும் ழகரம் ளகரமாகின்றது. சென்னைப் பேச்சிலே யகரமும் ஆகின்றது. வாழும் மொழியிலே ஒலிகள் ஒன்றோடொன்று சேர்தல் இயல்பு. எழுத்தோ பழைய வேறுபாட்டைக் காத்து நிற்கின்றது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்பவன் எட்டு வயதுச் சிறுவன். காதுக்கு ஒன்றாய்க் கேட்பதைக் கைக்கு இரண்டாய் எழுது என்று பணிப்பது, கண்ணைக் கட்டிவிட்டு நிறம் சொல் என்பது போலாம்.

மயங்கொலிகள் எல்லாம் ஒரே வகையின அல்ல என்பதையும் இங்கே கூறவேண்டும். புலியையும் புளியையும் நம் பிள்ளைகள் வாயால் மயக்குவதில்லை. பனிக்கும் பணிக்கும் உள்ள வேறுபாடும் பெரும்பாலும் காதுக்கு எட்டுகின்றது. அவற்றிற் பிழை நேர்ந்தால், சொல்லை நிறுத்தித் தெளிவாய்ச் சொன்னாற் போதும். ழகர ளகரமும், விரைந்த பேச்சிலே ரகர றகரமுமே உண்மையான இடர். நம் பாடநூல்களும் பயிற்சி நூல்களும் இவ்வேறுபாட்டை நோக்காமல் ல, ழ, ள மூன்றையும் ஒரே பட்டியலில் அடைத்து மனனஞ் செய் என்கின்றன. நோய் வேறாயிருக்க மருந்து ஒன்றாயிருத்தல் எங்ஙனம் பொருந்தும்?

அக்கொப்பிகளைப் பார்த்த நாளிலிருந்து நான் சில விளையாட்டுக்களைச் செய்து பார்த்து வருகிறேன். பண்டிதர் ஒருவர் முற்றத்திலே பிள்ளைகளோடு பந்தெறிவதைக் கண்டு நகைத்தவர்களும் உண்டு, நகைக்கட்டும்.

முதலாவது நாவினுடைய விளையாட்டு. தொல்காப்பியர் பிறப்பியலிலே, நாவின் நுனி மேனோக்கி எழுந்து அண்ணத்தைத் தடவ ரகர ழகரங்கள் பிறக்குமென்றார். ளகரத்துக்கு அவர் கூறிய இலக்கணம் வேறு. அங்கே தொழில் செய்வது நாவின் விளிம்பு. இச்சூத்திரங்களை உரையோடு சொன்னால் மூன்றாந் தரத்துப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? ஆளுக்கொரு சிறு கண்ணாடி கொடுத்தேன். "ள் என்று சொல், நாவை அசையாமல் அங்கேயே வைத்துக்கொண்டு மூச்சை உள்ளே இழு. குளிர் எங்கே படுகிறது?" என்று கேட்டேன். கடைவாயின் இருபுறமும் என்றார்கள். "இனி, நாவை அண்ணத்தில் ஒட்டவிடாமல் மடக்கி ழ் என்று சொல்லி, அப்படியே மூச்சை இழு" என்றேன். நடுநாவிலே குளிர்கிறது என்றார்கள். ஆசிரியர்கள் தாமே ஒருமுறை செய்து பார்க்கலாம். இதனைக் கற்றதனால் பிள்ளைகளுடைய வீட்டுப் பேச்சு மாறிவிடவில்லை. மாறவேண்டுமென்று நான் விரும்பவுமில்லை. வாய்விட்டு வாசிக்கும்போது தாம் நாவை எங்கே வைக்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்தது, அவ்வளவே.

இரண்டாவது கடக விளையாட்டு. மூடிய கடகமொன்றுக்குள் உளி, வளையல், புளியம்பழம், பனங்கிழங்கு, நூலிழை, கோழிச்சிறகு என்று பல பொருள்களை இட்டு வைப்பேன். பிள்ளை பார்க்காமற் கையை விட்டு ஒன்றைத் தடவிப் பெயர் சொல்லவேண்டும். சொன்னபின் அப்பெயருக்குரிய எழுத்தை ஓலை நறுக்குகளிலிருந்து தெரிந்தெடுக்கவேண்டும். இங்கே சொல்லை ஆசிரியன் சொல்வதில்லை என்பதைக் கவனிக்க. பொருளிலிருந்து நேரே எழுத்துக்குப் போகப் பழகுகின்றார்கள். மயக்கத்துக்குக் காரணமான காதுக்கு அங்கே வேலையில்லை. கடகத்திற் பிள்ளைகள் மிக விரும்புவது ஒரு பழைய தாழ்ப்பாள். இரண்டு எழுத்தும் அதிலே உள்ளமையால் அது கையில் அகப்பட்டவனுக்கு இரட்டைப் புள்ளி.

மூன்றாவதை 'நேற்று' என்று அழைக்கின்றோம். தென்னோலைப் பந்தொன்றை ஒரு பிள்ளைக்கு எறிந்து ஒரு வினையைச் சொல்வேன். பந்தைப் பிடித்தவன் அதனை நேற்று நடந்ததாக மாற்றிச் சொல்லவேண்டும். ஆள் என்றால் ஆண்டான். உருள் என்றால் உருண்டது. நீள் என்றால் நீண்டது. சுருள் என்றால் சுருண்டது. வாழ் என்றால் வாழ்ந்தான். தாழ் என்றால் தாழ்ந்தது. மகிழ் என்றால் மகிழ்ந்தான். 'ண்ட' என்று முடிந்தாற் பந்து இடப்பக்கத்து அணிக்கு. 'ந்த' என்று முடிந்தால் வலப்பக்கத்து அணிக்கு. ளகர மெய்யில் முடியும் வினை பெரும்பாலும் இடப்பக்கம் போகும்; ழகர மெய்யில் முடிவது வலப்பக்கம் போகும். நிகழ்காலத்திலே காதால் வேறுபடுத்த முடியாத இரண்டு எழுத்தும் இறந்தகாலத்திலே தம்மைத் தாமே காட்டிக் கொடுத்துவிடுகின்றன. இதனைப் பிள்ளைக்கு நாம் கற்பிக்கவேண்டியதில்லை. பாடசாலைக்கு வருமுன்னரே அவன் நாவில் இது இருக்கின்றது. தன்னிடம் உள்ள சாட்சியை அழைக்கத் தெரியாமல் இருந்தான். பந்து அதை அழைத்துக் கொடுத்தது. அருளினான் போல இவ்விதிக்கு அடங்காதன சில உண்டு. நம் பக்கத்துப் பேச்சிலே கவிழ்ந்தது 'கவிண்டது' என்றும், அவிழ்ந்தது 'அவிண்டது' என்றும் வருகின்றமையால் அவ்விரண்டும் பொய்ச்சாட்சிகள். அவற்றை ஆட்டத்தினின்றும் நீக்கி வைத்தேன்.

றகரத்துக்கும் இத்தகைய சாட்சி உண்டு. கிணறா, கிணரா என்று ஐயுறுபவனைக் கிணற்றின் அருகே போகச் சொல்லுங்கள். கிணற்றடி என்பான். பேச்சிலே 'கிணத்தடி' என்று மெலிந்தாலும் வல்லெழுத்து இரட்டித்து நிற்பதை ஒருவரும் மறைத்தல் இயலாது. சோறு, வயிறு, கயிறு, சேறு, ஆறு ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இனி, பிள்ளைகள் மிக மகிழ்ந்ததும் நான் மிகக் கற்றதுமான விளையாட்டைச் சொல்கிறேன். அதற்குப் பெயர் 'பிழைக்குப் படம்'. வகுப்பிலே யாராவது எழுத்துப் பிழை விட்டால், பிழையைத் திருத்துமுன், எழுதியது எழுதியவாறே இருக்கும்போது என்ன பொருள் படுமோ அதனைப் படமாக வரையவேண்டும். 'வாளைப்பழம்' என்று முதலில் எழுதிய பிள்ளைக்காக வகுப்பு முழுவதும் வரைந்தது. ஒரு மரம், அதிலே ஒரு குலை, குலையிலே சீப்புச் சீப்பாகத் தொங்குபவை வாளை மீன்கள். 'அம்மா கரி சமைத்தாள்' என்பதற்கு, அடுப்பின்மேற் சட்டி, சட்டிக்குள் அடுப்புக்கரி, அகப்பையோடு ஓர் அம்மா. மணப்பெண் 'கூரைச் சேலை' உடுத்தாள் என்று ஒருத்தி எழுதிவிட, அவளே எழுந்து வந்து கரும்பலகையில் வரைந்தாள். மாலை சூடிய மணப்பெண்ணுக்கு இடையிலிருந்து பாதம் வரை பனையோலை வேய்ந்திருந்தது. முகட்டோலை வைக்கவும் மறக்கவில்லை. கூறைக்கும் கூரைக்கும் உள்ள வேற்றுமையை அந்த வகுப்பிலே இனி எவரும் மறக்கமாட்டார்.

இங்கே நடந்ததைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். முன்பு வகுப்புச் சிரித்தது பிழைவிட்டவனைப் பார்த்து. இப்போது சிரிப்பது பிழையைப் பார்த்து. பிழைவிட்டவன் வெட்கித் தலைகுனியாமல் முதல் ஆளாக வந்து வரைகின்றான். தன்னுடைய பிழைக்கு இன்னும் படம் கிடைக்கவில்லையே என்று வருந்திய பிள்ளையையும் கண்டேன். தோட்டம் துரவு என்பதைத் 'துறவு' என்று எழுதிய சிறுவன், காவி உடுத்த ஒரு கத்தரிச் செடியை வரைந்து தந்தான். அதனை என் மேசை மீது இன்னும் வைத்திருக்கிறேன்.

படம் வரைந்து பார்த்தபோது வேறொன்றும் புலப்பட்டது. எல்லாப் பிழைக்கும் படம் இல்லை. 'பளம்' என்று எழுதினால் வரைவதற்கு ஒன்றுமில்லை. அது சொல்லே அன்று. அத்தகைய பிழையைப் பிள்ளை தானே கண்டு திருத்துகின்றான். பொருளுள்ள இன்னொரு சொல்லாய் மாறிவிடும் பிழையே ஆபத்தானது. வளர்ந்தவர்களையும் அது விடுவதில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதலியலைக் 'கிழவியாக்கம்' என்று எழுதிய விடைத்தாளை என் மாலை வகுப்பிலே திருத்தியிருக்கிறேன். கைத்தொலைபேசியே எழுத்தைத் திருத்திவிடுமே, இந்த உழைப்பெல்லாம் எதற்கு என்பாருக்கும் இதுவே விடை. கிளவியும் கிழவியும் தமிழ்ச் சொற்களே. இரண்டையும் அது நம் முன்னே வைக்கலாம். எது வேண்டுமென்று தெரிந்தெடுப்பவன் எழுதுபவனே.

நண்பர்கள் இரண்டு தடை சொல்கின்றார்கள். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை காத்திருக்கின்றது, விளையாட்டுக்கு நேரம் ஏது என்பது ஒன்று. பந்து விளையாட்டுக்குப் பத்து நிமிடம் போதும். நூறுமுறை எழுதுதற்கு ஒரு மாலைப் பொழுது வேண்டும். பரீட்சைக்கு அஞ்சுவோர் முதலில் அந்த மாலைப் பொழுதைக் கணக்கிடட்டும்.

மற்றத் தடை என் வகுப்பாராகிய பண்டிதர்களிடமிருந்து வருவது. நாமெல்லாம் நிகண்டை மனனஞ் செய்தே சொல்லறிந்தோம். விளையாடியா கற்றோம் என்கின்றார்கள். இதனை எளிதில் ஒதுக்கிவிட மாட்டேன். பண்டிதர் பரீட்சைக்குப் படித்த நாளிலே சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதியை வைகறையில் எழுந்து உருப்போட்டவன் நான். ஆயினும் ஒரு சொற் பல்பொருட் பெயர்களைத் தொகுத்த அத்தொகுதியை மண்டலபுருடர் எதுகை முறையில் அல்லவா அடுக்கி வைத்தார்? ஏன்? நாவும் காதும் விளையாடிக்கொண்டே போகட்டும் என்பதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகின்றது. செய்யுளும் தாளமும் அக்காலத்தாருக்குப் பந்தும் கடகமுமாய் இருந்தன. அத்தாளத்தைக் கைவிட்டு, மனனத்தை மாத்திரம் நாம் வைத்துக்கொண்டோம்.

சொல்வதெழுதலை அடியோடு விட்டுவிடுங்கள் என்று நான் கூறவரவில்லை. ழகர ளகரச் சொல்லைத் தனியே சொல்லி எழுதுவியாதீர்கள். வசனத்துள் வைத்துச் சொல்லுங்கள். 'வாழை' என்று மாத்திரம் சொல்லிப் பிழை பிடிப்பது பரீட்சையன்று, பொறி. வாழை குலை தள்ளியது என்றால், எழுத்தைத் தெரிந்தெடுக்கப் பிள்ளைக்கு ஒரு நியாயம் கிடைக்கின்றது. கீழ்த் தரங்களில் இவ்வெழுத்துப் பிழைக்கு நூறுமுறை, ஐம்பதுமுறை என்று விதிக்கும் தண்டத்தையும் நிறுத்துங்கள். இந்த இரண்டுக்கும் சுற்றுநிருபம் எதுவும் வரவேண்டியதில்லை. திங்கட்கிழமை காலையிலேயே தொடங்கலாம்.

சென்ற தவணையிலே ஒரு சிறுமி 'கோளி முட்டை இட்டது' என்று எழுதினாள். வழக்கம்போலப் படம் வரையச் சொன்னேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "ஐயா, கோளி எண்டு ஒரு சாமான் இருக்கோ, இல்லையோ? இல்லாட்டி என்னெண்டு கீறுறது?" என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். கோளி என்று ஒரு சொல் உண்டு. பூவாது காய்க்கும் மரத்துக்கு அது பெயர். ஆலும் அத்தியும் போல்வன. பாடசாலை முற்றத்திலே நிற்கும் ஆலமரத்தைக் காட்டி, "அதுதான் கோளி, அது பூத்ததை யாராவது கண்டதுண்டோ?" என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் யன்னலுக்கு ஓடியது.

மணியடிக்கும் நேரத்திலே அவள் படத்தைக் கொண்டுவந்து தந்தாள். விழுதுகளோடு கூடிய பெரிய ஆலமரம். அதன் அடியிலே, வைக்கோலின்மேல், மூன்று முட்டை.