ஒரு பெயரில் அடங்காத நோய்கள்

2016-ஆம் ஆண்டின் குளிர்காலக் கூட்டத்தொடர், பண மதிப்பிழப்பு நடவடிக்கையையொட்டி எழுந்த அமளியில் ஏறத்தாழ முற்றிலும் முடங்கிப் போனது. அதன் இறுதி நாள்களில், கட்சி வேறுபாடுகளை மறந்து உறுப்பினர்கள் நிறைவேற்றியது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் மசோதா. டிசம்பர் 14-இல் மாநிலங்களவையும், 16-இல் மக்களவையும் அதற்கு ஒப்புதல் அளித்தன.

1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே அங்கீகரித்திருந்தது. புதிய சட்டம் அந்த எண்ணிக்கையை 21 ஆக்கியது. ரத்தம் சார்ந்த நோய்களான ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் ஆகியவை முதன்முறையாகச் சட்டத்தில் இடம்பெற்றன. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால், சட்டத்தின் அட்டவணையில் ஹீமோபிலியாவுக்குத் தரப்பட்ட விளக்கம் என்ன? பொதுவாக ஆண்களை மட்டுமே பாதிப்பது, பெண்கள் வாயிலாக அவர்களது ஆண் குழந்தைகளுக்குச் செல்வது என்பதே அதன் சாரம். ரத்தப்போக்குக் கோளாறு என்றால் ஹீமோபிலியா, ஹீமோபிலியா என்றால் ஆண் என்கிற இந்தப் பார்வையில்தான் சிக்கல் தொடங்குகிறது.

காயத்தில் ரத்தம் உறைவது பல கட்டங்களில் நிகழ்கிறது. முதலில் தட்டணுக்கள் காயம்பட்ட இடத்தில் திரண்டு தற்காலிக அடைப்பை ஏற்படுத்துகின்றன. அவை அங்கே ஒட்டிக்கொள்ள வான் வில்லிபிராண்ட் என்கிற புரதம் பசைபோல உதவுகிறது. பின்னர், எண்களால் குறிக்கப்படும் உறைகாரணிகள் ஒன்றையொன்று தூண்டி, ஃபைப்ரின் இழைகளால் அந்த அடைப்பை உறுதிப்படுத்துகின்றன. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பழுதானது என்பதைப் பொறுத்து நோயும் மாறுகிறது, மருந்தும் மாறுகிறது.

எட்டாவது காரணி குறைந்தால் ஹீமோபிலியா 'ஏ'. ஒன்பதாவது குறைந்தால் 'பி'. ஆண் குழந்தைகளில் சுமார் 5,000 பேரில் ஒருவர் 'ஏ' வகையுடன் பிறக்கிறார். மூட்டுகளுக்குள் திரும்பத் திரும்ப ரத்தம் கசிவதால், உரிய சிகிச்சை கிடைக்காதவர்கள் இளமையிலேயே நடமாட்டத்தை இழக்கின்றனர். நோயை உண்டாக்கும் மரபணுவைச் சுமக்கும் பெண்கள் வெறும் கடத்திகள் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அவர்களில் பலருக்கும் உறைகாரணி குறைந்திருப்பதை ஏற்று, 40 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களை ஹீமோபிலியா உள்ள பெண்கள் என்றே அழைக்க வேண்டும் என்று 2021-இல் சர்வதேச மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைத்தனர்.

மரபுவழி ரத்தப்போக்குக் கோளாறுகளில் உலகில் மிகப் பரவலானது வான் வில்லிபிராண்ட் நோய். 1926-இல் இதை முதன்முதலில் விவரித்தவர் ஃபின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட். அவரது ஆய்வுக்கு வித்திட்ட சிறுமி, 13-ஆவது வயதில் மாதவிடாய் ரத்தப்போக்கால் உயிரிழந்தாள். இருபாலருக்கும் வரும் நோய் என்றாலும், மாதந்தோறும் அதன் சுமையைத் தாங்குபவர்கள் பெண்களே. நமது சட்டத்தின் அட்டவணையில் இந்நோயின் பெயர் சேர்க்கப்படவில்லை.

தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தும் அவை ஒன்றுசேராத கிளான்ஸ்மன் நோய், பிறந்த குழந்தையின் தொப்புள் கொடி ரத்தம் நிற்காமல் வெளிப்படும் 13-ஆவது காரணிக் குறைபாடு ஆகியவையும் அதில் இல்லை. இவ்விரண்டிலும் வழக்கமான உறைதல் பரிசோதனைகள் இயல்பான முடிவையே காட்டும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே இவை தோன்றும் என்பதால், தமிழகம் உள்ளிட்ட தென் மாநிலங்களில் தொடரும் நெருங்கிய உறவுத் திருமணங்கள் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன.

வகை தெரியாமல் மருந்தில்லை. மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாராகும் எட்டாவது காரணியில் வான் வில்லிபிராண்ட் புரதம் இருக்காது. தோலடி ஊசியாகச் செலுத்தப்படும் எமிசிசுமாப் 'ஏ' வகைக்கு உதவும், 'பி' வகைக்கு உதவாது. பல பெண்களின் ரத்தப்போக்கை விலை குறைந்த டிரானெக்சமிக் அமிலமே கட்டுப்படுத்திவிடும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஹீமோபிலியா 'ஏ' நோயாளிகள் ஐவருக்கு அளிக்கப்பட்ட மரபணு சிகிச்சையின் முடிவுகள் 2024-இல் உலகக் கவனத்தை ஈர்த்தன. அத்தகைய சாதனை நிகழ்ந்த நாட்டில், கடும் மாதவிடாய்ப் போக்குடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் இளம்பெண் இரும்புச்சத்து மாத்திரையுடன் திருப்பி அனுப்பப்படுவது முரண்பாடல்லவா?

பட்டியலில் இடம்பெற்ற ஹீமோபிலியா நோயாளிகளுக்கும் சட்டம் பாதிக் கதவையே திறந்திருக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ளோருக்கு உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீட்டை 32-ஆவது பிரிவு வழங்குகிறது. அரசுப் பணிகளில் 4 சதவீத ஒதுக்கீட்டை வழங்கும் 34-ஆவது பிரிவோ, பயன்பெறும் வகைகளில் ரத்த நோய்களைச் சேர்க்கவில்லை. படிக்க இடமளித்துவிட்டுப் பணியில் இடம் மறுப்பது என்ன நியாயம்?

பட்டியலை விரித்தால் லேசான பாதிப்பு உள்ளவர்களும் சலுகை கேட்டு வருவார்கள் என்ற வாதம் எழக்கூடும். 40 சதவீத வரம்பே அதற்கான தடுப்புச் சுவர்.

34-ஆவது பிரிவை மாற்ற நாடாளுமன்றத்தில் திருத்த மசோதா தேவை. ஆனால், அட்டவணையைத் திருத்த மசோதாவும் வாக்கெடுப்பும் வேண்டியதில்லை. மத்திய அரசு அறிவிக்கை வாயிலாகவே அதைச் செய்து, பின்னர் இரு அவைகளிலும் தாக்கல் செய்ய 99-ஆவது பிரிவு வழிவகுக்கிறது. ஹீமோபிலியா என்ற இடத்தில் 'மரபுவழி ரத்தப்போக்குக் கோளாறுகள்' என்று எழுதி, ஆண்களை மட்டுமே சுட்டும் வரியை நீக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் வகை கண்டறியும் பரிசோதனைகளுக்கு வசதி செய்து, மருந்துக் கொள்முதலையும் அதற்கேற்பத் திட்டமிட வேண்டும்.

அமளிக்கு நடுவிலும் ஒன்றுபட்டு ஒரு சட்டத்தை நிறைவேற்றியவர்கள் நமது உறுப்பினர்கள். எந்த அமளியும் தடுக்க முடியாத இந்தத் திருத்தத்தை அவர்கள் ஏன் கேட்டுப் பெறக் கூடாது?